ஏழாம் லேனில் ஒரு குண்டு பாக்கி

அவளுடைய கணவர் இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருபத்துமூன்று நிமிடத்துக்கு. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவது மருத்துவரால் அல்ல, துப்பாக்கி சுடும் சங்கத்தால். ஏழாம் லேனில் ஒன்பதாவது குண்டைச் சுட்டுவிட்டுப் பத்தாவதற்காகத் துப்பாக்கியைத் தோளில் பொருத்தும்போது அவர் சரிந்தார். பொறுப்பாளர்கள் ஓடி வந்தார்கள். முதலில் துப்பாக்கிக்குள் குண்டு இல்லை என்பதை உறுதி செய்துகொண்டார்கள். அடுத்து ஏழாம் லேனின் கடிகாரத்தை நிறுத்தினார்கள். மூன்றாவதாக ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். சங்கத்தின் கையேட்டில் அந்த வரிசையில்தான் அச்சிட்டிருக்கிறது.

ஒரு மாதம் கழித்து அவள் சங்கத்துக்குப் போனாள். வேண்டியது ஒன்றுதான், அவர் கடைசியாகச் சுட்ட அட்டை.

அந்த அட்டை எப்படிப்பட்டது என்று சொல்லிவிட வேண்டும். பள்ளி நோட்டுத் தாளில் பாதி அளவு இருக்கும். அதில் பத்துக் கறுப்பு வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு குண்டு. வட்டத்தின் நடுவே பேனா முனை தொட்டு எடுத்த அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. பத்து மீட்டர் தள்ளி நின்று காற்றுத் துப்பாக்கியால் அதைத் தொட்டால் பத்து மதிப்பெண், மயிரிழை விலகினால் ஒன்பது. குண்டு மிளகை விடச் சற்றுப் பெரிய ஈயம். சுட்டதும் அட்டையில் சுத்தமான, வட்டமான ஓர் ஓட்டை மிச்சமாகும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடம் லிஃப்ட் சரிசெய்தவர் உலகத்தில் விட்டுச்சென்ற தடயம் என்று எதுவும் இல்லை. சரியாக ஓடுகிற லிஃப்ட்டில் ஏறுகிறவர் அதைச் சரிசெய்த கையைப் பற்றி யோசிப்பதில்லை. அவளோ பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். மெழுகில் ஒரு கீறல் விழுந்தாலும் எந்தக் கை கீறியது என்று சொல்லக்கூடியவள். அவருடைய கை செய்து, கண்ணால் பார்க்கும்படி மிஞ்சியது அந்த ஒன்பது ஓட்டைகள் மட்டும்தான் என்பது அவள் கணக்கு.

செயலாளர் எழுந்து நின்று வரவேற்றார். நல்ல மனிதர். கண்கூடக் கலங்கியது.

"அட்டை பத்திரமா இருக்கும்மா. தூசி படாம வெச்சிருக்கோம்."

"குடுத்திருங்க சார். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"தாராளமா. தொடர் முடிஞ்சதும் குடுத்துரலாம்."

"எந்தத் தொடர்?"

"சாரோடதுதான். பத்துல ஒன்பது சுட்டிருக்கார். ஒரு குண்டு பாக்கி."

"சார், அவர் இறந்துட்டார்."

"அது எங்களுக்கும் ரொம்ப வருத்தம்." செயலாளர் கையேட்டைத் திறந்து, ஒரு விரலால் வரியைத் தடவிக்கொண்டே வாசித்தார். "பிரிவு நாற்பத்தொண்ணு, இடைநிறுத்தம். கருவிக் கோளாறு, மின்வெட்டு, இறப்பு. மூணும் ஒரே பிரிவும்மா. மின்வெட்டுன்னா முப்பது நிமிஷத்துக்கு மேல காத்திருக்க மாட்டோம். இறப்புக்கு மட்டும் நேர வரம்பே வைக்கல. அந்த விஷயத்துல எங்க சங்கம் மாதிரி மனிதாபிமானம் வேற எங்கயும் கிடையாது."

"அப்ப அந்த ஒரு குண்டை யார் சுடறது?"

"அவரே வந்தா நல்லது," என்றார் செயலாளர், கிண்டல் துளியும் இல்லாமல். "முடியாத பட்சத்துல வாரிசு முடிக்கலாம். ஆனா இறந்தவர் எந்தத் தரத்துல இருந்தாரோ அதே தரத்துல வாரிசும் இருக்கணும். சார் முதல் தரம்."

அவள் வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அவர் வீட்டில் அதைத் துடைக்கும்போதுகூட எட்டி நின்று, "அதை அந்தப் பக்கம் திருப்பி வைங்க" என்று சொல்கிறவள். செயலாளர் ஒரு படிவத்தை நீட்டினார். பெயர் எழுதும் இடத்தில் ஏற்கெனவே 'வாரிசு, லேன் 7' என்று தட்டச்சு செய்திருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

*

அடுத்தது கருவிப் பரிசோதகர். ஒரு மேசை, நாலு அளவுகோல், ஒரு பூதக்கண்ணாடி, இவற்றின் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். பின்னால் இரும்பு அலமாரி. அதைத் திறந்து கணவருடைய கோட்டை எடுத்துத் தரையில் வைத்தார்.

கோட்டு விழவில்லை. நின்றது.

இந்தக் கோட்டுகள் அப்படித்தான். கெட்டிக் கித்தானும் தோலும் சேர்த்துத் தைத்தவை. குளிருக்காகப் போடுவதல்ல, முதுகெலும்பை அசையாமல் பிடித்து வைக்கத்தான். பித்தான் போட்டபின் உள்ளே இருப்பவர் குனிய முடியாது, தும்முவதும் சிரமம். புதிதாக வாங்கும்போது எல்லாம் ஒரே வடிவம். நாலைந்து வருடம் ஒருவரே போட்டால் அவர் நிற்கிற விதத்துக்குப் படிந்துவிடும். ஆகவே அவளுக்கு முன்னால், இடது இடுப்பை முன்னே தள்ளி, முதுகைப் பின்னுக்கு வளைத்து, இடது தோளைத் தாழ்த்தி, அவளுடைய கணவர் தலையில்லாமல் நின்றார்.

"வணக்கம் சார்," என்றார் பரிசோதகர் கோட்டைப் பார்த்து. பிறகு அவளிடம், "பழக்கதோஷம்," என்றார்.

அவள் அதைப் போட்டுக்கொண்டாள். உள்ளே அவருடைய வியர்வை வாசனை இருந்தது. வலது தோளில் துப்பாக்கிக் கட்டை உட்கார்ந்து உட்கார்ந்து ஏற்பட்ட பள்ளம் இருந்தது. அவள் அந்தப் பள்ளத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பரிசோதகர் நாடாவை எடுத்தார்.

"முன்பக்கம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுறது பத்து சென்டிமீட்டருக்கு மேல போகக்கூடாது. உங்களுக்கு இருபத்தாறு ஏறுது."

"ரெண்டு பக்கமும் உள்ள பிடிச்சுத் தைச்சுக்கறேன் சார்."

"ஐயோ, சங்கம் வெச்ச முத்திரை பிரிஞ்சுரும்! தொடர் எந்தக் கோட்டுல ஆரம்பிச்சுதோ அதே கோட்டுல முடியணும். கோட்டுல ஒரு நூல் மாறக்கூடாது."

"கோட்டையும் மாத்தக்கூடாது, அளவும் சரியா இருக்கணும்னா எப்படி சார்?"

பரிசோதகர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே அவளை மேலும் கீழும் பார்த்தார். "கோட்டுக்குத்தான்மா முத்திரை இருக்கு. உங்களுக்கு இல்லையே."

வீட்டில் அவளோடு இருந்தது நாத்தனார், கணவரின் தங்கை. பஸ் ஓட்டுகிறவள். பேச்சில் மட்டும் பிரேக் பிடிக்கத் தெரியாது.

"இளைக்கறதுக்கு ஊரே ஓடுது. நீங்க பருக்கச் சொல்லி லெட்டர் வாங்கிட்டு வந்திருக்கீங்க. நல்ல சங்கம் அண்ணி, எனக்கும் ஒரு ஃபாரம் வாங்கிட்டு வாங்க."

"சும்மா இரும்மா. இன்னும் ஒரு கரண்டி போடு."

"ஒரு அட்டைக்காகவா இவ்வளவும்?"

"உங்கண்ணன் கை பட்டது."

 நாத்தனார் இரண்டு கரண்டி போட்டாள்.

பதினான்கு கிலோ ஏற ஐந்து மாதம் ஆனது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, முழங்கால் வலித்தது. கூடத்தில் உடன் வேலை செய்கிறவர்கள் துக்கத்தில் சாப்பிடாமல் மெலிந்தவர்களைத்தான் பார்த்திருந்தார்கள். அவளைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஐந்தாம் மாதக் கடைசியில் பரிசோதகர் அளந்து பார்த்து, "ஒன்பது அரை. சார் அளவுக்கு வந்துட்டீங்க," என்று மகிழ்ந்து அவள் கையைக் குலுக்கினார். அன்றிரவு கண்ணாடியில் அவள் தன்னைப் பார்க்கவில்லை.

*

சுடுதளம் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் இல்லாத நீளமான கூடம். இந்தப் பக்கம் பன்னிரண்டு பேர் நிற்க இடம். அந்தப் பக்கம் பன்னிரண்டு விளக்குகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் அட்டை. இரண்டுக்கும் நடுவில் இருட்டு. அட்டைகள் மோட்டார் வைத்த கம்பியில் போகும், வரும். ஏழாம் லேனில் மட்டும் இரண்டு கம்பிகள். இடப்பக்கம் கணவருடைய அட்டை, வலப்பக்கம் அவளுடைய பயிற்சி அட்டை.

ஞாயிறு பத்து மணிக்குச் செயலாளர் அவருடைய அட்டையை உறையிலிருந்து எடுத்து அனுப்புவார். பதினொன்றரைக்குத் திரும்ப வாங்கி உறையில் போடுவார். இடையில் யாரும் அதைச் சுடுவதில்லை. லேனுக்கு மேலே இருந்த கடிகாரம் மூன்று நிமிடம் நாற்பது வினாடி என்று காட்டிக்கொண்டு நின்றது. அவருக்கு மிச்சமிருந்த நேரம் அது.

பிறகு பதிவேடு வாசிப்பார்கள்.

"ஆறு?"

"வந்தாச்சு."

"ஏழு?"

"இடைநிறுத்தம்," என்று அவள் சொல்ல வேண்டும். முதல் நாள் தெரியாமல் "வந்தாச்சு" என்று சொல்லிவிட்டாள்.  எல்லாரும் அவளுக்குப் பின்னால் பார்த்தார்கள்.

பன்னிரண்டு லேன்களில் எட்டு இடைநிறுத்தத்தில் இருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதல் ஆறு மாதப் பாடத்துக்குப் பெயர் 'நிற்றல்'. துப்பாக்கி தரமாட்டார்கள். கோட்டைப் போட்டு, தட்டையான அடியுள்ள விறைப்பான காலணியைக் கட்டிக்கொண்டு, வாத்து மாதிரி நடந்து வந்து லேனில் நிற்க வேண்டும். கேலிக்குரியதாகத் தெரிந்தாலும் இதில் விஷயம் இருக்கிறது. துப்பாக்கியைக் கை தூக்குவதாக வெளியாள் நினைப்பார். கை தூக்கினால் தசை தூக்குகிறது என்று பொருள், தசை நடுங்கும். எலும்பு நடுங்காது. ஆகவே முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, இடுப்பைக் காலின் மேல் அடுக்கி, செங்கல் மேல் செங்கல்லாக உடம்பைக் கட்டி, அந்தச் சுவரின்மேல் துப்பாக்கியை வைக்க வேண்டும். அவளுக்கு இது உடனே பிடிபட்டது. பற்களையும் அப்படித்தான் தாடையில் நிறுத்துகிறார்கள்.

பாட முடிவில் எழுத்துத் தேர்வு. 'நின்றுகொண்டிருந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்பது மூன்றாம் கேள்வி. 'காத்திருந்தேன்' என்று எழுதினாள். இரண்டு மதிப்பெண் குறைத்து, ஓரத்தில் சிவப்பு மையில் திருத்தியிருந்தார்கள்: 'நின்றேன்'.

அடுத்த பாடம் 'பார்த்தல்', அதற்கடுத்து 'விசை'. குண்டு போடாமல் வெறும் விசையை மட்டும் அழுத்திப் பழகுவது. விசையை இழுக்கக்கூடாது. கனிந்த பழத்தை நசுங்காமல் அழுத்திப் பார்ப்பதுபோல மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். எப்போது வெடிக்கும் என்பது சுடுகிறவருக்கே ஆச்சரியமாக இருக்க வேண்டும். அவளுக்கு விரல் நுணுக்கம் தொழிலிலேயே இருந்தது. பயிற்சி வேகமாக ஏறியது.

ஆனால் ஒரு தொந்தரவு இருந்தது. குறி வைக்கிறவர்கள் செய்யும் ஒரு சோதனை உண்டு. துப்பாக்கியைத் தோளில் வைத்து, கண்ணை மூடி, இரண்டு முறை மூச்சு விட்டு, கண்ணைத் திறந்து பார்ப்பார்கள். உடம்பு இயல்பாக எங்கே போக விரும்புகிறதோ அங்கே குழல் திரும்பியிருக்கும். அவள் தன் அட்டைக்குக் குறிவைத்துக் கண்ணை மூடுவாள். மூச்சு விடுவாள். கோட்டு மெல்ல இறங்கித் தன் பழைய வளைவில் உட்காரும். கண்ணைத் திறந்தால் குழல் இடப்பக்கம் நகர்ந்து, அவருடைய அட்டையின் பத்தாவது வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு முறை அல்ல. ஒவ்வொரு முறையும்.

அவள் பரிசோதகரிடம் சொன்னாள்.

"சார் அந்த வட்டத்துக்குத்தான் குறி வெச்சிட்டிருந்தார்," என்றார் அவர், அதில் வியக்க என்ன இருக்கிறது என்பதுபோல. "கோட்டு மறக்குமா? கையால திருப்பாதீங்க, அது தப்பு. காலை நகர்த்துங்க."

அவள் காலை நகர்த்தினாள். அவரிடமிருந்து இரண்டு விரற்கடை விலகி நின்றபோதுதான் அவளால் தன் அட்டையைச் சுட முடிந்தது. ஞாயிறுதோறும் முதல் வேலை அந்த விலகல்தான். சில வாரங்களில் அதற்குச் சற்று நேரம் பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை, நாலு முறை மூச்சு விடுவாள். கோட்டு அவளைத் திருப்பட்டும் என்று விட்டுவிடுவாள்.

மூன்றாம் லேனில் ஒரு சலூன்காரர் நின்றார். எல்லாரும் அவரை மூணாம் நம்பர் என்பார்கள். மாமனார் பாக்கி வைத்த நாலு குண்டுகளை முடிக்க வந்தவர்.

"எத்தனை வருஷமாண்ணே வர்றீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"பதினொண்ணு."

"இன்னுமா தரம் வரல?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வந்துரும் தங்கச்சி. படாத பாடு பட்டு வராமப் பாத்துக்கறேன்."

"ஏன்?"

"மாமா இருந்தவரைக்கும் என்னை ஆளா மதிச்சதில்ல. சவரம் பண்ற பயலுக்குப் பொண்ணக் குடுத்துட்டேன்னு என் கடைக் கண்ணாடியிலயே என்னைப் பாத்துத் திட்டினவரு. இப்ப வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் அவர் கோட்டுக்குள்ள நிக்கறேன். ஒரு திட்டு இல்ல. முதுகைப் பிடிச்சுக்கறாரு, விழ விடமாட்டேங்கறாரு." அவர் மூக்கை உறிஞ்சினார். "முடிச்சம்னு வெய்யி, பத்தே நிமிஷத்துல லேனைத் தொடைச்சு அடுத்த ஆளுக்குக் குடுத்துருவானுங்க. நீ நல்லா வேற சுடற. எனக்கு உன்னைப் பாத்தா பயமா இருக்கு."

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு அவள் சரியாகச் சுடவில்லை.

இடையில் ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்தது. தலைவர் ஒருமனதாக ஒன்பதாவது முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். கையேட்டின்படி இடைநிறுத்தத்தில் இருக்கும் உறுப்பினர் எதிர்த்துக் கை தூக்கவில்லை என்றால் சம்மதம் என்று பொருள். தலைவர் ஏற்புரையில் நெகிழ்ந்துவிட்டார்.

"எல்லாரும் என்னிடம் கேட்கிறார்கள், இந்தச் சங்கத்தின் முதுகெலும்பு யார் என்று. நான் தயங்காமல் சொல்வேன், இடைநிறுத்தத்தில் இருக்கும் நம் எட்டு பேர்தான். வாகனம் நிறுத்த இடம் கேட்டு என்னிடம் வந்தது உண்டா? கழிப்பறை விளக்கு எரியவில்லை என்று மனு கொடுத்தது உண்டா? ஒரு குண்டையாவது வீணாக்கியது உண்டா? உயிரோடு இருக்கும் உறுப்பினர்களும் படிப்படியாக அந்த நிலைக்கு உயர வேண்டும் என்பதே என் கனவு."

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது.

*

இரண்டு வருடம் முடிகிற சமயத்தில் அவளுக்கு முதல் தரம் வந்தது. அடுத்த ஞாயிறு பத்தாவது குண்டுக்கு நாள் குறித்தார்கள். தலைவரே இறங்கி வந்தார். மற்ற லேன்களில் சுடுவதை நிறுத்தி எல்லாரும் பின்னால் நின்றார்கள்.

"வாரிசுக்கு ஒரு நல்ல செய்தி," என்றார் தலைவர். "சார் ஒன்பது குண்டில் எண்பத்தொன்பது எடுத்திருக்கிறார். சங்கத்தின் சாதனை தொண்ணூற்றெட்டு. நீங்கள் பத்து எடுத்தால் புதிய சாதனை. ஒன்பது எடுத்தாலும் சமன். இரண்டில் எது வந்தாலும் இந்த அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு என் அறைச் சுவரில் மாட்டிவிடுவோம்!"

"சுவர்லயா?" என்றாள் அவள். "தொடர் முடிஞ்சா அட்டை எனக்குன்னு செயலாளர் சொன்னாரே."

"சாதாரண அட்டை என்றால் வீட்டுக்குப் போகும். சாதனை அட்டை சங்கத்தின் சொத்து. கவலையே படாதீர்கள். உங்கள் பயிற்சியைப் பார்த்தேன், ஒன்பதுக்குக் கீழே போக உங்களுக்குத் தெரியாது. அட்டை வீட்டுக்குப் போக வேண்டிய அவசியமே வராது!"

செயலாளர் பெருமையோடு தலையாட்டினார். பரிசோதகர் ஒரே ஒரு ஈயக் குண்டை இடுக்கியால் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். கடிகாரத்தின் பொத்தானை அழுத்தினார். இரண்டு வருடம் நின்றிருந்த மூன்று நிமிடம் நாற்பது, மூன்று நிமிடம் முப்பத்தொன்பதாயிற்று.

அவள் துப்பாக்கியைத் தூக்கினாள். கண்ணை மூடினாள். மூச்சு விட்டாள். கோட்டு இறங்கியது, திரும்பியது. கண்ணைத் திறந்தாள். பத்தாவது வட்டம் துப்பாக்கியின் குறி வளையத்துக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவளுடைய கையில் ஒரு பாரமும் இல்லை. வேறு யாரோ பிடித்திருப்பதுபோல இருந்தது. விரலை மெல்ல அழுத்தினால் போதும், பத்து விழும், அட்டை சுவருக்குப் போகும். கொஞ்சம் தள்ளிச் சுட்டு ஆறோ ஏழோ எடுத்தால் அட்டை கைக்கு வரும், ஆனால் அதில் அவருடையதல்லாத ஓர் ஓட்டை இருக்கும். பத்தில் எது தன்னுடையது என்று அவளுக்கு எப்போதும் தெரியும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கண் முதலில் அங்கேதான் போகும்.

இரண்டு நிமிடம் ஐந்து.

மூணாம் நம்பர் பின்னால் இருந்து, "மெதுவா தங்கச்சி," என்றார். யாரோ அவரை அதட்டினார்கள்.

அவள் துப்பாக்கியை இறக்கினாள். காலை நகர்த்தினாள். இரண்டு விரற்கடை அல்ல, நாலு. மறுபடி தூக்கினாள். கோட்டு அவளை இழுத்தது, இதுவரை இழுக்காத அளவுக்கு இழுத்தது, தோள் தையல் கிறீச்சிட்டது. வளையம் பத்தாவது வட்டத்தை விட்டு நகர்ந்து, அட்டையின் ஓரத்தைத் தாண்டி, அட்டைக்கும் அதைச் சுற்றியிருந்த இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் இருந்த ஒரு கட்டைவிரல் அகல இருட்டில் வந்து நின்றது.

"விடுங்க," என்றாள் அவள், உதடு அசையாமல். செயலாளரிடம் சொன்னதல்ல.

கோட்டு தளர்ந்தது. விரல் அழுத்தியது. 'டப்' என்று ஒரு சத்தம்.

மோட்டார் ஓடியது. அட்டை கம்பியில் ஆடி ஆடி வந்தது. செயலாளர் எடுத்துப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார். பரிசோதகர் பூதக்கண்ணாடியால் பார்த்தார். தலைவர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"பத்தாவது எங்க?"

"அட்டைல இல்ல சார்."

"இருக்கும்," என்றார் தலைவர். "முதல் தர வாரிசு அட்டையையே தவறவிட முடியாது. தவறவிட்டால் அந்தத் தரத்தைக் கொடுத்த நாம் தவறு என்று ஆகிவிடும். நாம் தவறு இல்லை. ஆகவே குண்டு அட்டையில்தான் இருக்கிறது. அந்த ஒன்பது ஓட்டைகளில் ஏதோ ஒன்றின் வழியாகப் போயிருக்கிறது. கண்டுபிடியுங்கள்."

பரிசோதகர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பித்தளை ஆணியை எடுத்தார். ஓர் ஓட்டை வழியாக ஒரு குண்டு போயிற்றா, இரண்டு போயிற்றா என்பதை அறியும் கருவி அது. ஆணியை ஓட்டைக்குள் திணித்துத் திருகினால் ஓரம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று தெரியும். திருகிய பிறகு ஓட்டை பழைய ஓட்டையாக இருக்காது என்பது மட்டும்தான் குறை. அவர் முதல் வட்டத்தின்மேல் ஆணியின் முனையை வைத்தார்.

"அதுல கை வைக்காதீங்க!"

அந்த அடித்தளத்தில் இதுவரை யாரும் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

"குண்டு வெளிய போச்சு," என்றாள் அவள். "தப்பிப் போகல. நான்தான் பாத்துப் பாத்து வெளிய சுட்டேன்."

 கடிகாரம் ஐம்பத்திரண்டு வினாடியில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"வேண்டுமென்றே குறி தவறுதல்," என்றார் தலைவர் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "அம்மா, திறமை இல்லாதவர்களை இந்தச் சங்கம் இருபத்தைந்து வருடமாகச் சகித்திருக்கிறது. சொல்லப்போனால் நாங்களே பலர் அப்படித்தான். திறமை இருந்தும் எங்களுக்குப் பயன்படாமல் போவதைத்தான் தாங்க முடியாது. பிரிவு பன்னிரண்டு."

பிரிவு பன்னிரண்டு நிரந்தர நீக்கம். செயலாளர் கையேட்டைப் புரட்டி வாசித்தார். நீக்கப்பட்டவரின் கோட்டு முத்திரை வெட்டப்படும். அவர் பெயரிலோ எண்ணிலோ இருக்கும் லேன் கலைக்கப்படும். நீக்கப்பட்டவர் சுட்ட, அல்லது சுட்டு முடித்த எந்த அட்டையும் சங்க வளாகத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வாசித்துவிட்டு அவர் நிமிர்ந்து அட்டையைப் பார்த்தார். அதைத் தொட்டுக்கொண்டிருந்த விரல்களைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போயிருங்கம்மா," என்றார் அவசரமாக. "உடனே."

அவள் கோட்டைக் கழற்றித் தரையில் வைத்தாள். பரிசோதகர் கத்தரியோடு குனிந்தார். கழுத்தருகே முத்திரை வெட்டுப்படும் சின்னச் சத்தம் கேட்டது. மூணாம் நம்பர் தன் கோட்டின் பித்தான்களை ஒவ்வொன்றாக இறுக்கிப் போட்டுக்கொண்டார். அவளைப் பார்க்கவில்லை.

படியேறும்போது கீழே பதிவேடு வாசிப்பது கேட்டது.

"ஆறு?"

"வந்தாச்சு."

"எட்டு?"

அவள் படியில் நின்றுவிட்டாள். "இடைநிறுத்தம்" என்ற சொல் வாய்வரை வந்திருந்தது. அதை விழுங்கிவிட்டு மீதிப் படிகளை ஏறினாள்.

*

நாத்தனார் வேலை முடிந்து வந்து சீருடையோடு மேசைமுன் உட்கார்ந்திருந்தாள். அவள் உறையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். நாத்தனார் அதை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"இதெல்லாம் அண்ணன் சுட்டதா?"

"ஆமாம்மா."

நாத்தனார் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். மாலை வெயில் அட்டையில் பட்டு, மேசைமேல் சின்னச் சின்ன வெளிச்சப் பொட்டுகள் விழுந்தன. நாத்தனார் விரல் வைத்து எண்ணினாள்.  எண்ணிக்கை ஒன்பதோடு நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். பிறகு அட்டையைத் திருப்பி, கடைசி வட்டத்தின்மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினாள். வழவழவென்று இருந்தது.

"என்ன அண்ணி, இதுல ஒண்ணும் இல்லையே," என்றாள். "ரெண்டு வருஷம் நின்னு, உடம்பக் கெடுத்துக்கிட்டு, கடைசியில நீங்க சுட்டது தப்பிருச்சா?"

"இல்ல," என்றாள் அவள். "சரியாத்தான் பட்டுச்சு."